எந்த சீல் போடலாம்? ரோட்டரி இன்ஜினின் முனைப் பட்டைகள்

இந்த எபிசோடுக்கு நான் திட்டம் எதுவும் போடவில்லை. இது ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஆரம்பித்தது. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருத்தன், இப்போது மெல்போர்னில் இருக்கிறான். பல வருஷம் காசு சேர்த்து ஒரு பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 வாங்கினான். 1990களில் வந்த மூன்றாம் தலைமுறை வண்டி, இரட்டை டர்போ. வாங்கியவன் சும்மா இருப்பானா? எக்ஸாஸ்ட்டை மாற்றினான், பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றினான். போன மாதம் ஹைவேயில் 'பட்'டென்று ஒரு சத்தம். அப்புறம் இன்ஜினில் பாதி உயிர்தான் இருந்ததாம்.

பிரித்துப் பார்த்தால், பின்பக்க ரோட்டரில் ஒரு ஏபெக்ஸ் சீல் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு சுவரைக் கீறிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறி, போகிற போக்கில் டர்போவின் இறக்கைகளையும் நசுக்கிவிட்டுப் போயிருக்கிறது. இப்போது அவன் கையில் மூன்று விலைப்பட்டியல். ஒன்று, கம்பெனி வார்ப்பிரும்பு சீல். இரண்டு, வெளியில் செய்யும் எஃகு சீல். மூன்று, செராமிக். செராமிக் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். "நீதான் பழைய கதையெல்லாம் படிக்கிறவன் ஆச்சே, எதைப் போடலாம் சொல்லு" என்றான். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இந்த இன்ஜினின் மொத்த வரலாறும் அந்த ஒரு கேள்விதான்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ரோட்டரி இன்ஜினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பில் லேசாக ஒடுங்கிய முட்டை மாதிரி ஒரு கூடு, அதற்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுற்றுகிறது. அந்த முக்கோணம்தான் ரோட்டர், கூடுதான் ஹவுசிங். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு பட்டையைச் செருகியிருப்பார்கள். நண்பனின் இன்ஜினில் அது 80 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். அடியில் ஒரு ஸ்பிரிங். இரண்டு ரோட்டர், ஆக ஆறு பட்டைகள். எரிகிற வாயு ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பது இந்தப் பட்டைகள்தான். பட்டை போனால் இன்ஜின் போச்சு.

பிஸ்டன் ரிங்கோடு ஒப்பிட்டால் இதன் பாடு பாவம். ரிங்குக்குக் கீழிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பட்டைக்குத் துளித்துளியாக விடும் எண்ணெய்தான். சுவரைத் தொடுவதும் ஒரு கோடு அளவுக்குத்தான். அந்தத் தொடும் கோணமும் சுற்றச் சுற்ற மாறிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெல் மூளையில் உதித்தது இது. என்எஸ்யு என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியில் 1957 பிப்ரவரியில் முதல் மாதிரி ஓடியது. உலகம் பூராவும் கார் கம்பெனிகள் லைசென்ஸ் வாங்க ஓடின. அவர்களில் ஒருவர் ஹிரோஷிமாவிலிருந்து வந்த சுனேஜி மட்சுடா. டோயோ கோக்யோ கம்பெனியின் தலைவர். அதுதான் இன்றைய மஸ்டா. மூன்று சக்கர லாரியும் சின்னக் காரும் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அப்போது ஜப்பான் அரசு, சிறிய கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிட நினைத்தது. தனியாக நிற்க வேண்டுமானால் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்பது மட்சுடாவின் கணக்கு. 1961இல் என்எஸ்யுவோடு ஒப்பந்தம் போட்டார்.

வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது, ஜெர்மனிக்காரர்கள் பாதிச் சமையலைத்தான் விற்றிருக்கிறார்கள் என்று. கொஞ்ச நேரம் ஓடியதும் ஹவுசிங்கின் உள்சுவரில் வரிசையாக அலை அலையாகக் கீறல்கள். குரோமியம் பூசிய வழவழப்பான சுவர், துவைக்கிற பலகை மாதிரி ஆகிவிட்டது. அதற்கு ஜப்பானில் வைத்த பெயர் 'சாத்தானின் நகக்கீறல்'.

1963 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். தலைவர் கெனிச்சி யமமோட்டோ. அவரையும் சேர்த்து 47 பேர். ஜப்பானில் 47 என்றால் உடனே நினைவுக்கு வருவது தலைவனை இழந்து பழி தீர்த்த 47 ரோனின் சாமுராய்கள். இவர்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தூங்கும்போதும் ரோட்டரியையே நினையுங்கள் என்று யமமோட்டோ சொன்னதாகச் சொல்வார்கள். மற்றவர்கள் சம்பள உயர்வு, வீடு என்று யோசிக்கிற வயதில் இவர்கள் ஒரு விரல் நீளப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன? எனக்குப் பிடித்த இடம் இதுதான். பள்ளியில் வாத்தியார் கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்துத் தள்ளினால், அது 'டடடட'வென்று துள்ளி, கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வரிசை விழும், பார்த்திருப்பீர்கள். பட்டையும் அதையேதான் செய்தது. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு இருக்கிறது. அந்த அதிர்வில் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தியது. அதுவரை எல்லோரும் இன்னும் கெட்டியான உலோகம் எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நோய் வேறு இடத்தில் இருந்தது. சாக்பீஸைப் பாதியாக உடைத்துப் பிடித்தால் துள்ளல் நிற்கும் இல்லையா? அந்த மாதிரி, பட்டையின் முனைக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டு அதிர்வையே மாற்றினார்கள். கீறல் நின்றது.

ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அந்தத் துளைப் பட்டை இல்லை. நிப்பான் கார்பன் என்ற கம்பெனியோடு சேர்ந்து, கார்பனுக்குள் அலுமினியத்தை ஊறவைத்து ஒரு புதுப் பட்டை செய்தார்கள். தடிமன் 6 மில்லிமீட்டர். தன் எண்ணெயைத் தானே கொண்டுவருகிற மாதிரி, கார்பனுக்கு இயல்பாகவே வழுக்கும் குணம் உண்டு. தேய்வது பட்டையாக இருக்கட்டும், சுவர் பிழைக்கட்டும் என்பது கணக்கு. 1967 மே 30 அன்று காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்கே கொண்டுபோய் 84 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார்கள். இரண்டு கார் போனது. ஒன்று 82ஆம் மணி நேரத்தில் நின்றுபோனது, இன்ஜினால் அல்ல. இன்னொன்று நான்காவதாக வந்தது.

அதே 1967இல் என்எஸ்யுவும் ரோ 80 என்ற அழகான காரைக் கொண்டுவந்தது. 1968இன் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் கிடைத்தது. அதன் ஏபெக்ஸ் சீல் மூன்று துண்டுகள் சேர்ந்தது, மூன்றும் ஒரே பொருள். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது நடுத் துண்டு மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. தேய்ந்ததும் ஓரத் துண்டுகள் ஆட்டம் கண்டு, வாயு கசிந்தது. வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி களைத்துப்போனது. ரோ 80 ஓட்டுநர்கள் எதிரெதிரே வந்தால், எத்தனையாவது இன்ஜின் என்று விரல் காட்டிக்கொள்வார்களாம். நடுத் துண்டை வேறு பொருளுக்கு மாற்றியதும் 1970 வாக்கில் நோய் தீர்ந்துவிட்டது. என்ன பிரயோஜனம்? 1969லேயே என்எஸ்யு இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துபோயிருந்தது. ஒரு கம்பெனியின் தலைவிதி, ஒரு நடுத் துண்டில்.

சரி, நண்பனின் வண்டிக்கு வருவோம். 1970களின் நடுவில் மஸ்டா கார்பனை விட்டு வார்ப்பிரும்புக்குப் போனது. நுனியை மட்டும் எலெக்ட்ரான் கற்றையால் சுட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். இரும்பை மெல்லிதாகச் செய்ய முடியும். மெல்லிதாக இருந்தால் எடை குறையும், சுவரைப் பின்தொடர்ந்து போகும். 6 மில்லிமீட்டர் 3 ஆனது, 1980களின் நடுவில் 2 ஆனது. இதற்கிடையில் 1982இல் காஸ்மோவில் டர்போ வைத்தார்கள். டர்போ வைத்த உலகின் முதல் ரோட்டரி கார். அங்கேதான் எதிரி மாறினான்.

யமமோட்டோவின் எதிரி தேய்மானம். டர்போக்காரனின் எதிரி நாக்கிங். எரிபொருள் கலவை சீராக எரிந்தால் ரோட்டரைக் கையால் தள்ளுகிற மாதிரி. பூஸ்ட் ஏறி, பெட்ரோல் போதாமல் சூடு கூடி, கலவை தானாகவே வெடித்தால் அது சுத்தியலடி. வீட்டில் வார்ப்பிரும்பு தோசைக்கல் கைதவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்? உடையும். தகட்டுக் கல் விழுந்தால் நெளியும், அவ்வளவுதான். கம்பெனி சீல் வார்ப்பிரும்புக் கல். வெளியில் செய்யும் எஃகு சீல் தகட்டுக் கல். ஒரு அடி விழுந்தால் எஃகு வளையும். துண்டு பறக்காது, டர்போ தப்பிக்கும்.

அப்போ எஃகே போட்டுவிடலாமே என்று நண்பன் துள்ளினான். கொஞ்சம் பொறு என்றேன். வளைந்த பட்டை சுவரை முழுசாகத் தொடாது, கம்ப்ரஷன் விழும், எப்படியும் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அதோடு சில எஃகு பட்டைகள் சுவரைத் தின்னும். ஹவுசிங் அலுமினிய வார்ப்பு, உள்ளே எஃகுத் தகடு, அதன் மேல் குரோமியம். அந்த குரோமியம் உரிந்தால் வீட்டில் வைத்துத் திருப்பிப் பூச முடியாது. இந்த வண்டியின் உற்பத்தியே 2002இல் நின்றுவிட்டது. நல்ல ஹவுசிங்குக்கு இப்போது அலைய வேண்டும். பட்டையைத் தனியாக வாங்கலாம், ஆனால் அது எந்தச் சுவரோடு குடித்தனம் பண்ணப்போகிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. ரோ 80க்கும் காஸ்மோவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

செராமிக்? "லே மான்ஸ் ஜெயித்ததே செராமிக் சீல்தானே" என்றான். உண்மைதான். 1991இல் 787பி, 55ஆம் எண் கார், 24 மணி நேரத்தில் 362 சுற்று. நான்கு ரோட்டர், செராமிக் சீல். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இன்ஜினில் டர்போ கிடையாது. ஒரு நாள் முழுக்க உச்ச வேகத்தில் தேயாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த பட்டை அது. சுத்தியலடிக்குச் செய்தது இல்லை. டர்போவில் போட்டு வெற்றிகரமாக ஓட்டுகிறவர்கள் உண்டு, ட்யூனிங் துல்லியமாக இருந்தால். தப்பினால் உடைந்த செராமிக், சுவரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகும்.

அவனுடைய மெக்கானிக் இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறார்: பள்ளத்தை வெட்டி அகலமாக்கி, பழையபடி 3 மில்லிமீட்டர் பட்டை. வலு கூடும், எடையும் கூடும், பள்ளத்தின் ஓரங்கள் மெலியும். வெட்டியபின் திரும்ப 2க்கு வர முடியாது. சும்மா தள்ளிவிடக்கூடிய யோசனை இல்லை இது. மஸ்டாவே 2023இல் எம்எக்ஸ்-30 வண்டிக்கு பேட்டரி சார்ஜ் பண்ண ஒற்றை ரோட்டர் இன்ஜின் செய்தபோது 2ஐ 2.5 ஆக்கியது.

கடைசியில் நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: அந்த 'பட்' சத்தத்துக்கு முன்னால் பூஸ்ட் எவ்வளவு ஏறியது, கலவை எப்படி இருந்தது, பதிவு ஏதாவது இருக்கிறதா? இல்லை. வண்டியை ட்யூன் பண்ணிய கடையும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்த அடி விழுந்தது என்றே தெரியாமல் கேடயம் வாங்கப் புறப்பட்டிருக்கிறான்.

ரெண்டு நாள் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். நேற்று ஒரு படம் அனுப்பினான். கம்பெனி வார்ப்பிரும்பு சீல், 2 மில்லிமீட்டர், ஒரு செட். பக்கத்தில் புது பெட்ரோல் பம்ப், கலவை அளக்கும் மீட்டர், நாக்கிங்கைக் கேட்டுச் சொல்லும் ஒரு கருவி. மிச்சமான காசு ஹவுசிங்குக்கு. பூஸ்ட் பழைய அளவுக்கே இறங்கிவிட்டதாம். அதை மட்டும் கொஞ்சம் சோகமாகத்தான் எழுதியிருந்தான்.