விருந்தும் குடியும்: குடிபெயர்ந்தோரை ஏற்றமைக்கு மூன்று வரலாற்றுச் சான்றுகள்

முன்னுரை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினைக் கூறுமிடத்தும் புதிதாக யாக்கப்படுவது என்னும் பொருளே அமைகின்றது. புதிதாக வந்தவரை விருந்தினர் என அழைத்த வழக்கு இதிலிருந்து கிளைத்ததாகும். இன்று கேரள அரசு பிற மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரை 'அதிதி தொழிலாளி' என்றே குறிப்பிடுகின்றது. பெயரில் மதிப்பு உண்டு. ஆயினும் விருந்தினர் சின்னாள் தங்கிச் செல்பவர். தொழில் செய்து, வரி செலுத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்பவர் குடியாவர். வந்தவரை விருந்தினர் நிலையிலிருந்து குடி நிலைக்கு உயர்த்தியவை எவை என்பதைத் தசபுரம், கொல்லம், மதுரை ஆகிய மூன்று நகரங்களின் சான்றுகள் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. குடிபெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள் ஏன் ஊரைவிட்டு நீங்கினர் என்பதையே வினவுகின்றன. போன ஊரில் அவர்களுக்குப் பணி தந்தோர் யார், எவ்வகை உறுதியுடன் தந்தனர் என்னும் வினாவும் அதற்கு இணையானதே.

இலக்கியப் பின்புலம்

வேற்று மொழியாளர் கலந்து இனிதே உறைந்த ஊராகப் புகாரைப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் காட்டுகின்றன. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை மேலும் ஒரு செய்தியைத் தருகின்றது. சோழ மன்னனின் மண்டபத்தை மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாட்டுக் கைவினைஞரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டுக் கைவினைஞருடன் சேர்ந்து அமைத்தனர் என்பது அச்செய்தி. அயலவர் உள்ளூர்த் தொழிலாளருக்கு மாற்றாக வரவில்லை; அவர்களுடன் ஒரே பணிக்களத்தில் நின்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது. இது காப்பியப் புனைவாயினும், அத்தகைய கூட்டுப்பணி அக்கால மக்களுக்கு இயல்பாகத் தோன்றியிருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

தசபுரம்: தொழில் மாற்றும் உரிமை

மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் பழங்காலத்தில் தசபுரம் எனப்பட்டது. அங்குக் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு வத்சபட்டி என்னும் புலவரால் இயற்றப்பெற்றது. பிளீட் 1888இல் வெளியிட்ட குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் இது இடம்பெற்றுள்ளது. இன்றைய குசராத்தின் தென்பகுதியான இலாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரத்தில் குடியேறிய வரலாற்றை இது கூறுகின்றது. அந்நகர மன்னர்களின் நற்பண்பு கேட்டு, முதலில் உள்ளத்தாலும் பின்னர் உடலாலும், மக்களோடும் சுற்றத்தோடும் அவர்கள் வந்தனர் என்றும், மன்னர் தம் புதல்வரைப் போல் அவர்களை மதித்தனர் என்றும் அக்கல்வெட்டு குறிக்கின்றது.

வந்தவர் அனைவரும் தறியிலேயே தங்கிவிடவில்லை. சிலர் நெசவைத் தொடர்ந்தனர். சிலர் வில்வித்தை பயின்றனர். சிலர் கதை கூறுவதிலும், சிலர் சோதிடத்திலும், சிலர் அறநெறியிலும் ஈடுபட்டனர். ஏற்பின் அளவுகோல் இங்கே புலப்படுகின்றது. எத்தொழிலுக்காக அழைக்கப்பட்டனரோ அத்தொழிலுக்குள்ளேயே அவர்களை நகரம் பூட்டிவைக்கவில்லை. தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு மாளவ ஆண்டு 493இல் (கி.பி. 436-37) அவர்கள் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். அது சிதைவுற்றபோது 529இல் (கி.பி. 472-73) அக்குழுவே புதுப்பித்தது. வந்தவர் நகரின் கொடையாளராயினர் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

கொல்லம்: எழுதித் தந்த உறுதி

கி.பி. 849ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகளால் வழங்கப்பெற்றவை. வட்டெழுத்தில் அமைந்த இவற்றின் மொழி, தமிழும் மலையாளமும் பிரியும் காலத்து மலைநாட்டு வழக்காகும். கடல்கடந்து வந்த வணிகர் தலைவனான மருவான் சபீர் ஈசோ கொல்லத்தில் எழுப்பிய பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் இவற்றால் அளிக்கப்பட்டன. அரபு, பகலவி, எபிரேய எழுத்திலான பாரசீகம் ஆகிய மூவகை எழுத்துகளில் சான்றொப்பங்கள் உள்ளன. இச்செப்பேடுகளை விரிவாக ஆராய்ந்த எம்.ஆர். இராகவ வாரியர், கேசவன் வெளுத்தாட்டு ஆகியோரின் நூல் 2013இல் வெளிவந்தது.

இவ்வாவணத்தில் மூன்று கூறுகள் சிறப்பாகச் சுட்டத்தக்கன. முதலாவது, வந்தவர்க்கு அளிக்கப்பட்டது இரக்கத்தால் ஈந்த பொருளன்று, பொறுப்பு. சந்தையின் நிறையும் அளவும் காக்கும் உரிமை பள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் நம்பிக்கை தங்கியுள்ள பணியையே அயலவர் கையில் கொடுத்தனர். இரண்டாவது, அவ்வுரிமைக்குக் காவலாக அரசன் மட்டுமன்றி அறுநூற்றுவர், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய அமைப்புகளும் நின்றன. மூன்றாவது, அவ்வமைப்பினர்க்கு அநீதி நேர்ந்தால் உல்கும் துலைக்கூலியும் செலுத்தாது நிறுத்திவைத்துத் தம் குறையைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம் என ஆவணம் கூறுகின்றது. முறையிடும் உரிமையோடு நில்லாமல், முறை கிடைக்கும்வரை செலுத்தாதிருக்கும் உரிமையும் எழுத்தில் தரப்பட்டது.

ஆயினும் இதே ஆவணத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஈழவர், வண்ணார், வெள்ளாளர் முதலிய குடும்பங்கள் பள்ளிக்கு உரியனவாக அளிக்கப்பட்டன. வெள்ளாளர் பயிர் செய்து பள்ளிக்கு வேண்டும் எண்ணெய் முதலியன குறையாது தருதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. தலைக்காணம், ஏணிக்காணம் போன்ற இறைகளிலிருந்து ஈழவர் விலக்குப் பெற்றனர். அங்காடியில் தொழில் நடத்தவும் இசைவு பெற்றனர். எனினும் அவர்கள் தாமே கேட்டு அவ்விடம் வந்தவர் அல்லர். கொடையின் பகுதியாகக் கைமாறியவர்கள். செல்வமுடைய வணிகர்க்குத் திறந்த கதவு, உழைக்கும் குடிக்கு அதே அளவில் திறக்கவில்லை. கொல்லத்தின் ஏற்பினைப் போற்றுவோர் இதனையும் உடன்வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

மதுரை: பணிக்குப் பின் எழுந்த வழக்கு

தமிழகத்தில் பட்டுநூல்காரர் எனப்பட்ட சௌராட்டிரர் நாயக்கர் கால மதுரையில் நெசவால் நிலைபெற்றனர். இவர்களைத் தசபுர நெசவாளரின் வழியினராகக் கருதும் அறிஞர் உளர். அஃது ஒரு கருதுகோளே. ஊருக்குத் தேவையான துணியை நெய்ததால் மட்டும் இவர்களின் சமூக மதிப்பு உறுதிப்படவில்லை. 1705இல், இராணி மங்கம்மாள் காலத்தில், ஆவணி அவிட்டச் சடங்கு செய்யும் உரிமை இவர்களுக்கு உண்டா என உள்ளூர் அந்தணர் சிலர் வினா எழுப்பினர். அரசி அதனைக் கற்றோர் அவையின் ஆய்வுக்கு விடுத்து, அவ்வவையின் முடிவுப்படி இவர்களுக்குச் சார்பாக ஓலைச் சாசனம் வழங்கினார் எனத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூல் பதிவு செய்கின்றது.

சடங்குரிமையை ஒட்டிய அவ்வழக்கின் அடிப்படை இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் பூசலைக் கூட்டத்தின் கையில் விடாமல், விசாரித்து எழுத்தில் முடித்த முறை கருதத்தக்கது. சௌராட்டிரர் தம் மொழியை விடவில்லை. மதுரையும் அதனை விடுமாறு கேட்கவில்லை. அவர்களின் கைவண்ணமான சுங்குடிச் சேலை பின்னாளில் மதுரையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

இக்காலம்

கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என 2013இல் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. 2017இல் அவர்களுக்கான 'ஆவாஸ்' காப்பீட்டுத் திட்டமும், மலையாளம் கற்பிக்கும் 'சங்ஙாதி' திட்டமும் தொடங்கப்பட்டன. 2019இல் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. எனினும் நாடு முழுவதும் ஏற்பு எவ்வளவு மெலிந்தது என்பதை 2020ஆம் ஆண்டு முடக்கம் காட்டியது. பணி நின்ற மறுநாளே உறைவிடமும் உணவும் உறுதியற்றுப் போக, பல்லாயிரவர் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது, அச்சத்தால் பலர் ஊர் திரும்பினர். அரசும் காவல்துறையும் தொழில் முனைவோரும் இந்தியிலேயே பேசி அவர்களுக்கு நம்பிக்கையூட்ட வேண்டியதாயிற்று. அஃது அன்றே தொடங்க வேண்டிய உரையாடல் அன்று. வேலைக்கு எடுத்த முதல் நாளில் தொடங்கியிருக்க வேண்டியது.

மாநிலங்களுக்கிடையே குடிபெயரும் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், பணிவிவரமும் கூலியும் பதிந்த கைப்புத்தகம் ஒவ்வொருவர்க்கும் தருமாறு ஒப்பந்தக்காரரைப் பணித்தது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியது. எழுத்தில் உறுதி வேண்டும் என்னும் கருத்து புதியதன்று. செம்பில் பொறித்துத் தந்த மரபு இந்நாட்டில் இருந்தது. அன்று அது வணிகர்க்குக் கிடைத்தது. இன்று கிடைக்க வேண்டியவர், செப்பேட்டில் கைமாறிய குடும்பங்களை ஒத்த நிலையில் உள்ளவர்.

முடிவுரை

தசபுரம் தொழில் மாற்றும் உரிமையைத் தந்தது. கொல்லம் பொறுப்பையும், அநீதி நேருங்கால் செலுத்தாதிருக்கும் உரிமையையும் எழுதித் தந்தது. மதுரை பூசலை விசாரணையால் தீர்த்தது. இம்மூன்றும் வெறும் இரக்கத்தால் விளைந்தவையல்ல. வந்தவரின் உழைப்பால் நகரங்களும் வளம் பெற்றன. எனவே இன்றைய தொழில் முனைவோரிடமும் ஊராரிடமும் கேட்கப்படுவது புதிய அருள் அன்று. பணி நிலைமையை எழுத்தில் தருதல், குறையை அஞ்சாது கூற வழி வைத்தல், உள்ளூர்த் தொழிலாளருடன் ஒரே களத்தில் ஒரே கூலிக்கு நிறுத்துதல், ஊர் மன்றம் அதற்குச் சான்றாக நிற்றல் ஆகியனவே வேண்டப்படுகின்றன. விருந்தோம்பல் ஒருநாள் அறம். குடியாக ஏற்றல் நெடுநாள் அறம். முன்னதை இலக்கியங்கள் நிறையப் பாடியுள்ளன. பின்னதற்கான சான்றுகள் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் கிடக்கின்றன. அவற்றையும் தமிழாய்வு தன் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும்.