விக்ஸ் ஜாடி

1953இல் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், விக்ஸ் என்ற சிற்றூரில், கி.மு. 500ஐ ஒட்டிய ஒரு பெண்ணின் சமாதியிலிருந்து இந்த வெண்கல ஜாடி வெளிப்பட்டது. ஒயினில் தண்ணீர் கலக்கும் கிரேக்கப் பாத்திரம். உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு 1100 லிட்டர்.

இன்று பர்கண்டி என்றால் பினோ நுவார் என்ற கருந்திராட்சை. (போட்டியாக வந்த காமே ரகத்தை 1395இல் பிலிப் கோமகன் ஆணையிட்டு விலக்கினான், அது தனிக்கதை.) ஜாடி வந்த காலத்தில் அங்கே கொடி பயிரிட்டதற்குச் சான்றில்லை. ஒயின் தெற்கிலிருந்து வந்தது. எத்தனை பேருக்கு ஊற்ற முடியும் என்று காட்டிய ஆட்சியின் அளவு இது.

எண்களைப் படித்து மலைப்பவர்கள் மூடியைப் பார்ப்பதில்லை. அதன் நடுவில் முக்காடிட்ட ஒரு பெண் நிற்கிறாள். 19 செ.மீ.