தாவும் மரபணுக்கூறுகள்

மரபணுத்தொகுதிக்குள் இடம் மாறுகிற, அல்லது தம்மைப் படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்கிற டி.என்.ஏ. துண்டுகள். பார்பரா மெக்ளின்டாக் 1940களில் மக்காச்சோள மணிகளின் நிறமாற்றத்தை ஆராய்ந்து இவற்றைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது.

மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2001இல் வெளிவந்தபோது, அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்துண்டுகளிலிருந்து உருவானது என்று தெரிந்தது. புரதம் ஆக்கும் பகுதியோ 2 விழுக்காடுகூட இல்லை. எல்-1 என்னும் கூறு முழுமையாக இருந்தால் சுமார் 6,000 காரஇணை (டி.என்.ஏ. எழுத்துச் சோடி) நீளம். 5 லட்சம் படிகள் உள்ளன. பெரும்பாலானவை சிதைந்துபோனவை; ஒருவரிடம் நூறளவுக்கே இன்னும் தாவும் திறன் உண்டு. சுமார் 300 காரஇணை நீளமுள்ள ஆலு என்னும் மற்றொரு கூறுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. சொந்த நொதி இல்லாததால் எல்-1இன் நொதியைக் கொண்டே அது பரவுகிறது. மரபணுக்கள் நெருங்கிய பகுதிகளில் ஆலு மிகுதி, அவை அருகிய பகுதிகளில் எல்-1 மிகுதி. மித்தாலி முகர்ஜி, சமீர் பிரம்மச்சாரி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் 21, 22ஆம் குரோமோசோம்களை ஆராய்ந்து, வளர்சிதைமாற்ற மரபணுக்களில் ஆலு மிகுந்தும் அமைப்புப் புரத மரபணுக்களில் குறைந்தும் இருப்பதை 2003இல் காட்டினர். தாவும் கூறுகளை முன்பு பலர் வெறும் குப்பை என்று ஒதுக்கியது எவ்வளவு அவசரமான முடிவு என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு துண்டின் இருப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். 17ஆம் குரோமோசோமில், இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் நொதிக்கான ஏ.சி.இ. மரபணுவில், 287 காரஇணை நீளமுள்ள ஓர் ஆலு சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. அப்பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டால், ஆலு இருந்தால் 490 காரஇணை அளவிலும் இல்லையென்றால் 190 அளவிலும் பட்டை தெரியும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து மற்றதும் பெற்றவருக்கு இரண்டு பட்டைகளும் விழும். ஆலு உள்ளவர்களின் இரத்தத்தில் இந்நொதி குறைவாக இருக்கும். சென்னையில் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பு குறித்த ஆய்வுகளிலும் இந்த வேறுபாடு பார்க்கப்பட்டிருக்கிறது.

ஒரே இடத்தில் ஒரே ஆலு இருவருக்கு இருந்தால், பெரும்பாலும் அது பொது மூதாதையரிடமிருந்து வந்ததே. மக்கள் வரலாற்று ஆய்வுக்கு இது அருமையான தடயம். 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரை ஆராய்ந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம், ஆளுக்கு ஆள் வேறுபடும் 16,000க்கும் மேற்பட்ட செருகல்களை 2015இல் பட்டியலிட்டது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் அதில் ஒரு குழு.

ஆனால் அத்திட்டத்தின் பெரும்பகுதி டி.என்.ஏ.வைச் சிறுசிறு துண்டுகளாக வாசித்தது. அத்துண்டுகளைவிடப் பல மடங்கு நீளமான, லட்சக்கணக்கில் ஒன்றுபோலிருக்கும் எல்-1களில் எது எங்கே இருக்கிறது என்பதை அப்படி முழுமையாகப் பிடிக்க முடியாது. 2022இல் விடுபடல் இன்றி வெளியான மனித மரபணுத்தொகுதி நீண்ட துண்டுகளாக வாசிக்கும் நீள்வாசிப்பு முறையால்தான் சாத்தியமானது. தமிழர் மாதிரிகளையும் அம்முறையில் பெருமளவில் வாசிக்க வேண்டும்.