முதலமைச்சரும் ஜனாதிபதியும்: பதினைந்து மாத உறவு

வடகிழக்கு மாகாண சபை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 1990 மார்ச் 1ஆம் திகதிய 'ஈழப் பிரகடனம்' மட்டுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. எனக்கோ அதற்கு முந்திய பதினைந்து மாதங்களே கூடுதலாக ஆராயப்பட வேண்டியவை எனத் தோன்றுகின்றது.

அ. வரதராஜப்பெருமாள் 1988 டிசம்பரில் முதலமைச்சரானார். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜே.ஆர். ஜயவர்த்தனா. இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து, வடக்கையும் கிழக்கையும் இணைத்தவரும் அவரே. அதே டிசம்பர் 19ஆம் திகதி நடந்த தேர்தலில் வென்ற ரணசிங்க பிரேமதாசா அவ்வொப்பந்தத்தை விரும்பாதவர். இந்தியப் படையை வெளியேற்றுவதாகக் கூறி வாக்குக் கேட்டவர். பெருமாளின் ஆட்சியோ அப்படையின் காவலிலேயே நின்றது. வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டவை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் இருவருக்குமிடையிலான பிணக்கு அதிகாரப் பகிர்வு பற்றியதாகவே இருந்தது. காவல்துறை, காணி, நிதி என முதலமைச்சர் கேட்டவை கொழும்பிலேயே தங்கிவிட்டன. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடமே இருந்தமையால், ஜனாதிபதியின் மனமின்றித் திருகோணமலையில் எதுவும் நகராது.

1989 மே மாதத்தில் பிரேமதாசா விடுதலைப்புலிகளுடன் பேசத் தொடங்கியதும் நிலைமை அடியோடு மாறியது. ஜூன் 1ஆம் திகதி, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என அவர் பகிரங்கமாகக் கோரினார். அதிகாரப் பகிர்வு முழுமையடையுமுன் படை போகக்கூடாது என்றார் பெருமாள். அவரது தரப்பு தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு இளைஞர்களைப் பலவந்தமாகப் பிடித்துச் சேர்த்தது. எத்தனை பெற்றோரின் கண்ணீர் அது! ஜனாதிபதியோ அவ்விராணுவத்தை முறியடிக்கப் புலிகளுக்கு ஆயுதம் வழங்கினார். தம் நாட்டு மாகாண அரசொன்றுக்கு எதிராக ஒரு ஜனாதிபதி ஆயுதம் கொடுத்தமைக்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரகடனம் வந்தபோது அமைதிப்படையின் கடைசி அணிகள் கப்பலேறிக்கொண்டிருந்தன. முதலமைச்சரும் அம்மாதமே இந்தியா சென்றார். மார்ச் 24ஆம் திகதி படை முற்றாக நீங்கியது.

இதன்பின் எழுந்த சட்டச் சிக்கல் விசித்திரமானது. பெரும்பான்மை பெற்ற முதலமைச்சரின் ஆலோசனையின்றி ஆளுநர் சபையைக் கலைக்க இயலாது. ஆலோசனை கூற வேண்டியவரோ கடல் கடந்துவிட்டார்! ஆகவே 1990ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உறுப்பினரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அரசியலமைப்புக்குக் கீழ்ப்படிய மறுத்துள்ளதாக ஆளுநர் ஜனாதிபதிக்கு அறிவித்தால் சபை கலைந்துவிடும் என்பதே அதன் சாரம். அவ்வாறே சபையும் கலைந்தது.

அதற்குள் பிரேமதாசா – புலிகள் உறவும் முறிந்து, ஜூனில் போர் மூண்டிருந்தது. 1993 மே தினத்தன்று பிரேமதாசா கொழும்பில் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். வடக்கு, கிழக்கு இணைப்பு 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாதாயிற்று. வடக்கு மக்கள் மாகாண சபைக்கு வாக்களிக்க 2013 செப்டெம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.