சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பவர்கள் ஒரு காலத்தில் கடல்கட்டி வராமல் தண்ணீரில் இறங்கத் தயங்கினார்கள். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர் அவர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இவர்களைப் பற்றிச் சொல்கிறார். கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர்கள் மந்திரத்தை நம்பவில்லை. ஆனாலும் கடல்கட்டியை அரசுப் பணியில் வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் குளிப்பவர்கள் இறங்க வேண்டுமே!

அங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் முத்துக் குளிக்கும் இடத்துக்குச் சென்றபோது கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலாள் வந்திருந்தார். அவருக்கோ மந்திரமே தெரியாது. பெரியவரின் ஆள் என்பதற்காகவே சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்று அவர் உறுதியாகச் சொன்னாராம்.