புல் மருந்தும் பொறுப்பும்



ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய குடியிருப்புகளில், தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் உண்டு. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் சில செம்பனைக்கு மாறின. சில துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. லயங்களில் இருந்தவர்கள் இப்படிப் பட்டணத்தோரம் வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள வயதான தாய்மார்களிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால், பலர் பால்மரம் வெட்டியதாகச் சொல்வார்கள். சிலர் மருந்து அடித்ததாகச் சொல்வார்கள். இன்று அந்தச் சிலரைப் பற்றிப் பேசுவோம்.

மருந்து என்ற சொல்லையே சற்றுக் கவனியுங்கள். நோய் தீர்ப்பதும் மருந்து, புல்லைக் கொல்வதும் மருந்து! பெயரே பாதி அச்சத்தைப் போக்கிவிடுகிறது.

லாலாங் புல்லை ஒழிக்க மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். அது பாஷாண வகையைச் சேர்ந்தது. தெளித்த புல்லை மேய்ந்தால் மாடு மடியும். பிறகு வந்தது பாராகுவாட். 1955இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அதன் களைகொல்லும் தன்மை கண்டறியப்பட்டு, 1962இல் கிராமக்ஸோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆர்சனைட்டை விட இது நல்லது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் சிறிதளவு விழுங்கினாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரைக் குடிக்கக்கூடியது. இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகும், நகம் கெட்டு விழும். தூவல் மூக்கில் ஏறினால் இரத்தம் வடியும்.

இதை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் பெரட்டு முடிந்ததும், கலந்த மருந்தைப் பம்பில் ஊற்றிக்கொண்டு நிரை நிரையாக நடப்பார்கள். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். நனைந்த துணியோடு வீடு திரும்பினால் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். டின்னில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது. ஆனால் டின் ஸ்டோரில் இருந்தது. இவர்கள் கைக்கு வந்தது பெயரில்லாத கலவை நீர்தான்.

உடம்புக்கு ஏதேனும் வந்தால் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏன் முகமூடி போடவில்லை?" என்பதே. நம் நாட்டு வெயிலில், மேடு பள்ளத்தில், மூக்கை மூடிக்கொண்டு பாரம் சுமந்து நடந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த நஞ்சைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்ணல்ல. வாங்கியவரும் அவளல்ல, அளவு வைத்துக் கலந்தவரும் அவளல்ல.

சட்டமும் இதை மெல்லத்தான் ஒப்புக்கொண்டது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சொக்சோவும், அடிபட்ட பிறகு பணம் கொடுக்க வழி செய்தன. அடிபடாமல் காக்க வந்த 1967ஆம் ஆண்டுச் சட்டமோ ஆலைகளையும் இயந்திரங்களையும் பற்றியது. புல் மருந்து அடிக்கும் வெளிக்காட்டை அது எட்டவில்லை. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் 1994இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்தான் விவசாயத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆபத்தை உண்டாக்குகிறவரே அதற்கு முதல் பொறுப்பு என்ற கருத்து அதன் அடிப்படை. பிரிட்டனில் 1972இல் ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழுவின் அறிக்கை வழியே வந்த கருத்து இது.

அந்தச் சட்டத்தில் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை அணிவது தொழிலாளியின் கடமை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டப்படி கொடுக்க வேண்டிய சாதனத்துக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. ஆபத்தைப் பற்றிப் புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. "நீ காண்ட்ராக்டர் ஆள், எங்கள் ஆளல்ல" என்று நிர்வாகம் சொல்லித் தப்பவும் முடியாது. தன் கட்டுப்பாட்டில் உள்ள வேலையில், காண்ட்ராக்டரின் ஆட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பு. தோட்ட வேலை காண்ட்ராக்டுக்குப் போன காலத்தில் இதைவிட முக்கியமான வரி வேறில்லை என்பேன்.

பாராகுவாட்டின் கதையும் நேராக முடியவில்லை. 2002இல் அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. அதே ஆண்டில், ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, தோட்டப் பெண்களின் நஞ்சுப் பாதிப்பைப் பற்றிய ஆய்வை மற்றோர் அமைப்புடன் சேர்ந்து வெளியிட்டது. ஆனால் 2006இல், மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லித் தடை தளர்த்தப்பட்டது. சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் ஒதுக்கிய நஞ்சு, மலேசியாவில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முற்றாக விலக்கப்பட்டது. ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் அளவுக்கு நீண்ட காலம் அது.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நிர்வாகத்துக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆயிற்று. உடனடி ஆபத்து இருக்கிறது என்று தக்க காரணத்தோடு கருதும் தொழிலாளி, நிர்வாகம் அதைச் சரிசெய்யாவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்றும் அதில் இருக்கிறது. இன்று பல தோட்டங்களில் அந்தப் பம்பைச் சுமப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். சட்டம் அவர்களுக்கும் அதே சட்டம்தான்.