பல் மருத்துவமனைகளில் வாய்ப்புற்றுநோய்ச் சோதனை

பல் மருத்துவமனைகளில் வாய்ப்புற்றுநோய்ச் சோதனை என்பது, பல்வலி, பல் பிடுங்குதல், பல் சுத்தம் செய்தல் முதலிய வழக்கமான காரணங்களுக்காக வருவோரின் வாய் முழுவதையும் பார்த்து, புற்றுநோயையும் அதற்கு முந்தைய மாற்றங்களையும் கண்டறியும் முறையாகும். இந்தியாவில் 2022 இல் ஏறத்தாழ 1.43 லட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாகத் தோன்றியதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

செய்முறை

நல்ல வெளிச்சம், சிறு கண்ணாடி, கையுறை, துணித்துண்டு ஆகியவையே போதுமானவை. உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இருபுறமும் திருப்பி, அதன் ஓரங்களும் அடிப்பகுதியும் சோதிக்கப்படுகின்றன. கழுத்தில் நெறிக்கட்டி உள்ளதா எனத் தடவிப் பார்ப்பதும் இதில் அடங்கும். சில நிமிடங்களே ஆகும்.

துடைத்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், பல் பிடுங்கிய பின் ஆறாத குழி ஆகியவை ஐயத்திற்குரியவை. செம்படலம் அரிதானது; ஆயினும் வெண்படலத்தை விட ஆபத்தானது. காரம் தாங்காமல் வாய் எரிவதும், வாயைத் திறக்க முடியாமல் இறுகுவதும் பாக்கு மெல்லுவோருக்கு வரும் சளிச்சவ்வடி நார்மிகை நோயின் அறிகுறிகளாகும். நோயைத் திசுச் சோதனை (பயாப்சி) மூலமே உறுதி செய்ய இயலும். தொடக்க நிலைப் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் வேறு காரணத்திற்காகப் பல் மருத்துவரிடம் செல்லும் நாள் முக்கியமாகிறது.

சான்றுகள்

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து 1996 இல் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கின. வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. பழக்கம் இல்லாதோரிடம் இத்தகைய பயன் காணப்படவில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறியற்ற பெரியவர்கள் அனைவரையும் சோதிக்கப் போதிய சான்று இல்லை என 2013 இல் கூறியது. எனவே யாரைச் சோதிப்பது என்பதே முதன்மையான கேள்வி.

வேலூர், ஆம்பூர் வட்டாரம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகியவை தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. தோல் தூசு புற்றுநோயை உண்டாக்குவதாகப் பன்னாட்டு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆனால் அது மூக்கறை மற்றும் அதனை ஒட்டிய எலும்பறைகளின் புற்றுநோய் தொடர்பானது. வாய்ப்புற்றுநோய்க்கு இங்கும் பிற இடங்களைப் போலவே புகையிலை, பாக்கு, மது ஆகியவையே முதன்மைக் காரணிகள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்பது பலர் அறியாதது.

தொழிற்சாலையில் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு ஊழியர் அரசுக் காப்பீட்டு மருத்துவ வசதி உண்டு. காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே எண்ணிக்கைக் கூலிக்குத் தைக்கும் பெண்கள் பொதுவாக அதில் வருவதில்லை. இவர்கள் பல்வலி பொறுக்க முடியாத நிலையில்தான் மருத்துவரிடம் செல்வர். வலியில்லாத புண் அதுவரை மறைந்திருக்கும்.

தமிழ்நாடு அரசு 2023 இல் வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான சமுதாய அளவிலான சோதனைத் திட்டத்தை ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கியது. இவற்றுள் பின்னிரண்டும் தோல் தொழிற் பகுதியைச் சேர்ந்தவை. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 இல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.